தென்கரை மண்

காவாலங்குடி ஊராட்சியில் ஒவ்வொரு சித்திரையிலும் வேலைப் பட்டியல் ஒன்று போடுவார்கள். குடிநீர்த் தொட்டி கழுவுவது, தெருவிளக்குக்குப் பல்பு மாட்டுவது, பள்ளிக்கூடத்துக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவது, நடுவாய்க்காலைத் தூர் வாருவது என்று வரிசையாகப் போய், எல்லாவற்றுக்கும் கடைசியில் கீழத்தெரு இடுகாட்டுப் பாதை வரும். அந்தக் கடைசி வேலைக்கு மட்டும் ஒரு சிறப்பு உண்டு. போன வருஷப் பட்டியலிலிருந்து ஓர் எழுத்துக்கூடத் தேயாமல் இந்த வருஷப் பட்டியலுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். ஊரில் இவ்வளவு காலம் கெடாமல் இருந்த பொருள் வேறொன்றும் கிடையாது.

கெடாமல் பார்த்துக்கொண்டவர் துணைத் தலைவர் நடராசன். நாலு வேலி நிலம், ஒரு டிராக்டர், மூன்று மச்சினன் பிள்ளைகள். சென்னையில் ஆட்சி மாறும்போதெல்லாம் இவர் வேட்டிக் கரையின் நிறமும் மாறும். ஊருக்குள் மட்டும் எந்த ஆட்சியிலும் அவர் ஆட்சிதான். இந்த முறை தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்றும், அதுவும் பெண்ணுக்கு என்றும் சட்டம் வந்துவிட்டதால், அவர் வயலில் நடவுக்கு வந்துகொண்டிருந்த கீழத்தெரு அம்சவல்லி தலைவராகிவிட்டாள். அதனால் பெரிதாக ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்பதைக் காட்ட, ஊராட்சி அலுவலகத்துச் சாவியை நடராசன் தன் வீட்டு ஆணியிலேயே தொங்கவிட்டிருந்தார்.

நடுவாய்க்கால் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. வடகரை அகலமானது, டிராக்டரே போகும். அது மேலத்தெருவை ஒட்டிப் போவதால் கீழத்தெருப் பிணம் அந்த வழியில் போகக்கூடாது என்று எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதாத தீர்மானம் ஒன்று இருந்தது. தென்கரை நடராசன் வயலை ஒட்டியது. தாலுகா ஆபீஸ் புலப்படத்தில் அதுவும் எட்டடிக் கரைதான், புறம்போக்குதான். முப்பது வருஷமாக ஏர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, இப்போது ஒற்றையாள் கையை விரித்துத் தடுமாறிக்கொண்டு நடக்கும் வரப்பு மட்டும் மிச்சம். அந்த வரப்பு போய் முடிகிற இடம் கீழத்தெரு இடுகாடு. அதற்கும் கிழக்கே கடைமடை வயல்கள். மேலத்தெருவில் குத்தகைக்குப் பயிர் செய்கிற சின்னக் குடும்பங்களின் நிலமெல்லாம் அங்கேதான்.

ஒற்றையடி வரப்பில் நாலு பேர் பாடை தூக்கிப் போக முடியாது. கோடையில் யாராவது செத்தால் வயலில் இறங்கிப் போவார்கள். பயிர் நிற்கும்போது செத்தால் வாய்க்காலுக்குள் இறங்க வேண்டும். போன கார்த்திகையில் அம்சவல்லியின் புருஷன் கோவிந்தராசு செத்தபோது வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. தெருக்கோடிப் புளியமரத்தோடு அவர்கள் அழுகை நின்றுவிட வேண்டும். அங்கே நின்றுகொண்டிருந்த அம்சவல்லிக்குத் தூரத்தில் ஆண்கள் ஏதோ கத்துவது கேட்டது. என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சின்ன மாமனார் சாமிதுரைதான் மனசு பொறுக்காமல் சொன்னார். முன்னால் போனவன் கால் பள்ளத்தில் இறங்கிப் பாடை சாய்ந்துவிட்டது. உடம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. முங்கித் தேடி எடுத்தார்கள்.

"நனைஞ்சுதாம்மா போனான்" என்றார்.

அன்றிலிருந்து அம்சவல்லிக்குப் பதவியில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. சித்திரைக் கூட்டத்தில் பட்டியலின் கடைசி வரியை முதல் வரியாகக் கொண்டுவந்தாள். ஏழு பேரில் நாலு பேர் நடராசன் பக்கம். சர்வேயர் வந்து அளந்து சொல்லட்டும், நானா வேண்டாம் என்கிறேன் என்றார் அவர். சர்வேயர் வருவார் என்பது அவர் பத்து வருஷமாகச் சொல்லிவருவது. அவர் பக்கம் கையைத் தூக்கிய நாலு பேரில் மேலத்தெரு உறுப்பினர் வள்ளியம்மையும் ஒருத்தி. அடுத்து வாய்க்கால் தூர் வாரும் தீர்மானம் வந்தது. அதற்கு மட்டும் ஏழு கைகளும் உயர்ந்தன. தண்ணீர் என்றால் இந்த ஊரில் கட்சி கிடையாது.

எழுத்தர் இராஜாங்கம் அந்தத் தீர்மானத்தை எழுதி வாசித்தபோது அம்சவல்லி ஒன்றைக் கவனித்தாள். எத்தனை அடி ஆழம், எங்கிருந்து எங்கே வரை என்றெல்லாம் இருந்தது. வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்று இல்லவே இல்லை. எந்த வருஷத்துத் தீர்மானத்திலும் இல்லை. மண் வடகரையில்தான் விழும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதைப் போய் யார் எழுதுவார்கள்? அவள் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

கடைமடைக்காரர்கள் தங்கள் பங்கைத் தாங்களே வெட்டி முடித்துவிட்டார்கள். நடராசன் வயலை ஒட்டிய முந்நூறு மீட்டர்தான் ஊராட்சி வேலை. அதை வெட்டாவிட்டால் கோரையிலும் சேற்றிலும் தண்ணீர் மூச்சு முட்டி நின்றுவிடும். தலைமடையில் இருக்கும் நடராசனுக்கு எப்படியும் பாயும், கீழே ஒரு சொட்டு போகாது. கல்லணை திறந்து தண்ணீர் வலங்கைமான் பக்கம் வந்துவிட்டதாகக் கீழ்வேளூர் பஸ் கண்டக்டர் சொன்ன அன்றைக்குக் காலையில், நாற்பது பேர் மண்வெட்டியும் கூடையுமாக வாய்க்காலில் இறங்கினார்கள். வேலைக்குத் தலையாள் சாமிதுரை.

முதல் கூடை நிறைந்ததும் சாமிதுரை வழக்கம்போல வடக்கே கையைக் காட்டினார்.

"தென்கரையில போடுங்க மாமா" என்றாள் அம்சவல்லி.

எல்லா மண்வெட்டியும் நின்றன. கூலி கேட்டுக் கொடி பிடித்த காலத்தில் அம்சவல்லியின் அப்பாவும் அவரும் ஒன்றாக அடிபட்டவர்கள். அப்பாவுக்குக் கை ஒடிந்தது, கடைசிவரை நேராகவே இல்லை. யோசித்துத்தான் சொல்கிறாயா என்று சாமிதுரை மெதுவாகக் கேட்டார். அம்சவல்லிக்குப் பயமாகத்தான் இருந்தது. கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்த் தென்கரையில் கொட்டினாள். பின்னால் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வந்தது.

பத்து மணிக்குள் நடராசன் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை வடகரையில் நிறுத்தி இறங்கினார். மச்சினன் பிள்ளைகள் மூவரும் வயல் பக்கமாக வந்து நின்றார்கள், கையில் அரிவாள். கருவை வெட்ட வந்தவர்கள்போல ஆளுக்கொரு கிளையைச் சும்மா வெட்டிப் போட்டார்கள். நடராசன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால் அம்சவல்லிக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"தலைவரம்மா, மண்ணு எடம் மாறி விழுது போலருக்கே?"

"கரையிலதாங்க விழுது. பொறம்போக்குக் கரை."

"அதை நீ சொல்லக்கூடாது. சர்வேயர் சொல்லணும். தாசில்தாருக்கு மனு எழுதியாச்சு. அளக்கிற வரைக்கும் தென்கரையில ஒரு கூடை விழக்கூடாது." சொல்லிவிட்டு வாய்க்காலுக்குள் நின்றவர்களைப் பார்த்தார். "விழுந்தா, இந்த வருஷம் உங்க தெரு ஆளு ஒருத்தர்கூட என் வயல்ல நடவுக்குக் கால் வைக்க வேணாம். வெளியூர் ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

இது வெறும் மிரட்டல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நாலு வேலி நடவு போனால் கீழத்தெருவில் பாதி அடுப்பு எரியாது. இரண்டு மூன்று பெண்கள் கூடையை இறக்கிவைத்தார்கள். ஒருவன் கரையேறிப் பீடி பற்றவைத்தான். சாமிதுரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அம்சவல்லியையே பார்த்தார். வடக்கே போட்டுவிட்டால் இன்றைக்குப் பிழைத்துக்கொள்ளலாம். பாதை பட்டியலில் பத்திரமாக இருக்கும். அடுத்த கார்த்திகையில் யார் போகப் போகிறார்களோ, அவர்களும் நனைந்துகொண்டு போகலாம்.

"சரிங்க, தென்கரையில போடலை" என்றாள் அம்சவல்லி. "வடகரையிலயும் போடலை. சர்வேயர் வந்து சொல்லட்டும். எல்லாரும் மேல ஏறி உக்காருங்க."

நடராசன் இதை எதிர்பார்க்கவில்லை. வாய்க்காலை விட்டு நாற்பது பேரும் ஏறி, அரைகுறையாக விழுந்த மண்ணின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். எதற்காக உட்காரச் சொல்கிறாள் என்று பாதிப் பேருக்கு விளங்கவில்லை. தலைவர் சொன்னாள், உட்கார்ந்தார்கள். நடராசன் மணியைப் பார்த்தார், பிறகு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டார். மச்சினன் பிள்ளைகளுக்கு வெட்டக் கருவை தீர்ந்துவிட்டது.

வெயில் ஏறியது. பதினொன்று, பன்னிரண்டு. ஊராட்சி வேலை நின்றுவிட்ட செய்தி மேலத்தெருவுக்கும் போயிற்று. ஒரு மணிக்கு வடகரையில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். எல்லோரும் கடைமடைக்காரர்கள். நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டவர்கள், நகையை அடகு வைத்து உரம் இறக்கியவர்கள். முதலில் அவர்கள் கீழத்தெருக்காரர்களைத்தான் ஏசினார்கள். திமிர் என்றார்கள், பதவி வந்த கொழுப்பு என்றார்கள். அம்சவல்லி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு மட்டும் அசையவில்லை. அவள் அசையாததால் மற்றவர்களும் அசையவில்லை.

இரண்டு மணி பஸ் போனது. இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் வெட்டாறு நிறையப் போகிறது, நாளை மறுநாள் காலையில் தண்ணீர் இங்கே இருக்கும் என்று கண்டக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதும் வடகரையில் ஏசிக்கொண்டிருந்தவர்கள் மேற்கே எட்டிப் பார்த்தார்கள்.

வள்ளியம்மை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். சித்திரையில் நடராசனுக்காகக் கை தூக்கியவள். கடைமடையில் மூன்று மா குத்தகை நிலம், படுத்த படுக்கையான புருஷன். நடராசனுக்கு ஒருவகையில் தங்கை முறை வேறு.

"அண்ணே, சர்வேயரு எப்ப வருவாரு?"

"வருவாரும்மா. அடுத்த வாரம், இல்லாட்டி பத்து நாள்."

"தண்ணி அதுவரைக்கும் நிக்குமா?"

கீழத்தெருக்காரர்களை வடக்கே போடச் சொல், எல்லாம் சரியாகிவிடும் என்றார் நடராசன். வள்ளியம்மை அக்கரையில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தாள். அவர்கள் போடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் நாலு வேலிக்கு எப்படியும் தண்ணீர் பாயும் என்கிற தெம்பில்தான் அண்ணன் இப்படிச் சாவகாசமாக நிற்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். அங்கே கிடந்த ஒரு கூடையை எடுத்துக் கையாலேயே சேற்றை அள்ளிப் போட்டாள். மேலத்தெருக்காரி ஒருத்தி ஊராட்சி வேலையில் மண் அள்ளி அந்த ஊர் பார்த்ததில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தென்கரையைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"எங்க போடணும்னு சொல்லு" என்றாள் அம்சவல்லியிடம்.

வள்ளியம்மைக்குக் கீழத்தெருவின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை. அவளுக்கு வேண்டியது தண்ணீர். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அம்சவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று தன் காலடியைக் காட்டினாள். மண் அங்கே விழுந்தது. மூத்த மச்சினன் பிள்ளை அதை அரிவாள் முனையால் வயலுக்குள் தள்ளிவிட முன்னால் வந்தான். "டேய்" என்றார் நடராசன். அவன் நின்றான். அந்தக் கூடையைத் தள்ளினால் கடைமடைக்காரன் ஒருத்தன்கூட அடுத்த தேர்தலில் தன் பக்கம் நிற்கமாட்டான் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். வடகரையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.

"சர்வேயர் வந்து கரையை வெட்டச் சொன்னா வெட்டணும்" என்று சொல்லிவிட்டு நடராசன் வண்டியை உதைத்தார்.

"வரட்டுங்க. கரை இங்கயேதான் இருக்கும்" என்றாள் அம்சவல்லி. வண்டிச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

அவர் சொன்னதைச் செய்தார். பம்புசெட்டுத் தண்ணீரில் முன்கூட்டியே வளர்த்திருந்த நாற்றை நட, மறுநாளே இரண்டு வேனில் வெளியூர் நடவாட்கள் வந்து இறங்கினார்கள். கீழத்தெருப் பெண்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே மண் சுமந்தார்கள். யாரும் அம்சவல்லியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. ராத்திரிக்கு என்ன செய்யப்போகிறோம் என்ற எண்ணம் ஒவ்வொரு கூடையோடும் தலையில் ஏறி இறங்கியது. கரை மட்டும் நகர்ந்துகொண்டே போயிற்று. ஐந்தடி அகலம், நாலு பேர் தோளில் சுமையோடு தாராளமாகப் போகலாம்.

மூன்றாம் நாள் காலை, இடுகாட்டுக்கு இருபதடி இருக்கும்போது பெண்களின் வரிசை தானாக நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர்கள் போவதில்லை. கூடைகளை ஆண்கள் வாங்கிப்போகட்டும் என்றார் சாமிதுரை. அந்த நேரம் பார்த்து மேற்கே யாரோ கூவினார்கள். வாய்க்காலின் தலைப்பில் பழுப்பு நுரையும் சருகுமாகத் தண்ணீர் நுழைந்துவிட்டது. உள்ளே நின்றவர்கள் கடைசிச் சேற்றை அவசரமாக வழித்து எறிந்துவிட்டுக் கரையேறினார்கள்.

கடைசிக் கூடை அம்சவல்லி தலையில் இருந்தது. சாமிதுரை கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி நடந்தாள். ஆண்கள் விலகி நின்றார்கள், தடுக்கவில்லை. ஈரக் கரையில் கால் பதிந்து பதிந்து எழுந்தது. கரை முடிந்த இடத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது இடுகாடு எதிரே கிடந்தது. பத்திருபது மேடுகள், சிலதில் புல், ஒன்றில் எருக்கு. எதையும் அவளால் அடையாளம் காண முடியவில்லை.

பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் அவளைத் தாண்டிக் கடைமடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எது மாமா அவருது?" என்று கேட்டாள்.