சேதம் இல்லையாம்

சின்னமனூருக்கு மேற்கே இருக்கும் லுத்தரன் சபையின் மரக்கோயிலுக்கு அன்று பதினைந்து வயது நிறைந்தது. பழைய ஓட்டுக் கட்டடம் மழையில் சரிந்த பிறகு, மலை எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் மரங்களை இறக்கிச் சபையார் கட்டிய கோயில் அது. சுவர், கூரை, தரை எல்லாமே மரம்.

ஆராதனையில் போதகர் புதிதாக அச்சடித்த சபை வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஜெபஷீலா ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். மரம் கொடுத்தவர், மூலைக்கல் வைத்தவர், மணி வாங்கித் தந்தவர்.

"தேவ கிருபையால் எந்தச் சேதமும் இல்லாமல் வேலை முடிந்தது" என்று வாசித்துவிட்டுப் போதகர் தாளைத் திருப்பினார்.

ஜெபஷீலா எழுந்தாள். "ஐயா, இப்ப என்ன வாசிச்சீக? திரும்ப வாசிங்க."

போதகர் இந்தச் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒன்றும் புரியாமல் விழித்தார். வரலாற்றை எழுதிய செயலாளர் விஜய்ராஜ் முன்வரிசையிலிருந்து திரும்பினார். "அக்கா, உக்காருங்க. பெறகு பேசிக்கிருவோம்."

"பதினஞ்சு வருசமா பெறகு பெறகுன்னுதான் சொல்றீக. சேதம் இல்லையாம்ல! எம் புருசன் முத்துராஜா இந்த முகட்டுல இருந்து விழுந்து செத்தாரே, அது சேதம் இல்லையா? சாரம் ஆடுதுன்னு அவரு சொல்லியும், மழைக்கு முந்தி கூரையை மூடணும்னு ஏத்திவிட்டது யாரு? உங்க அப்பாதான?"

விஜய்ராஜின் முகம் கறுத்தது. "அப்பா இப்ப உசுரோட இல்ல."

"எம் புருசன் மட்டும் இருக்காரா?"

"கோயில் கட்டுறப்ப சாவு விழுந்துச்சுன்னு எழுதினா, வெளியூருக்காரவுக என்ன நெனப்பாக?"

ஜெபஷீலா வாய் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. கோயிலைக் கட்டிய தச்சு மேஸ்திரி சுருளி. வேறு சாமி கும்பிடுகிறவர், விழாவுக்கு அழைத்ததால் வந்திருந்தார்.

"ரத்தத்தை நாந்தான் இழைச்சு எடுத்தேன். போகல. ஆறு பலகையைப் பேத்துட்டுப் புதுசு போட்டேன். இந்தா, அங்கன பாருங்க, நெறம் வேறயா இருக்கும்."

எல்லாத் தலைகளும் குனிந்தன. நடுப்பாதையில் ஆறு பலகைகள் மட்டும் வெளிறிக் கிடந்தன. இத்தனை வருடம் அவற்றின் மேல்தான் எல்லோரும் நடந்து போயிருந்தார்கள்.

போதகர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பக்கத்தில் எழுதி, எழுதியதை உரக்க வாசித்தார். "முத்துராஜா கூரை வேலையில் விழுந்து இறந்தார்."

"சாரம் ஆடுதுன்னு சொன்னாருன்னும் எழுதுங்க. சொல்லியும் ஏத்துனாகன்னு எழுதுங்க."

போதகர் விஜய்ராஜைப் பார்த்தார். அவர் விருட்டென எழுந்து வெளியே போனார். ஜெபஷீலா சொன்னதையும் போதகர் எழுதினார். கட்டுக்கட்டாக வைத்திருந்த வரலாற்றுப் புத்தகங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பமும் ரசமும் பெற எல்லோரையும் நற்கருணைக்கு அழைத்தார்.

ஜெபஷீலா நகரவில்லை.

"வா ஷீலா, அதான் எழுதிட்டாகல்ல?" என்றாள் பக்கத்தில் இருந்த சொர்ணலதா.

"நான் கத்துனதுக்கப்புறம்தான எழுதுனாக. இம்புட்டுக் கோவத்தை வச்சுக்கிட்டு அங்கன போயி எப்படிக் கை நீட்டுவேன்? நீ போ."

சொர்ணலதா போகவில்லை. அவளும் உட்கார்ந்துகொண்டாள்.