அகத்தாவுக்குக் கண்ணீர் நின்றது

அகத்தா அழுதால் காரியம் ஆகும் என்று மலேசியாவின் லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பேச்சு. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சின்னக் கோயிலில் முன்னின்று ஜெபமாலை சொல்வது பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் இந்த அகத்தாதான். முழந்தாளிட்டுக் கண்ணை மூடினாளோ இல்லையோ, பொலபொலவென்று கொட்டும். சனத்துக்கும் திருப்தி. பிள்ளைக்குப் பரீட்சையா, மருமகனுக்கு வேலையா, ‘அகத்தாக்கா காதுல போட்டு வை’ என்பார்கள். ஆண்டவரிடம் அப்புறம்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

எழுபத்தொன்பதாம் வருஷத் தவக்காலத்தில் அது நின்றுபோனது. சண்டை இல்லை, சாவு இல்லை. ஒரு ஞாயிறு கண்ணை மூடினாள், உள்ளே ஒன்றுமில்லை. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. உபவாசம் இருந்து பார்த்தாள், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தாள். ம்ஹூம். எட்டு மாதம் ஓடிவிட்டது.

கோயிலைக் கூட்டி, சாவியை இடுப்பில் சொருகித் திரியும் செலஸ்டின் சும்மா இருப்பானா? “அக்கா என்னமோ பாவத்த மறைக்குது,” என்று லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லி வைத்தான். அகத்தாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போன ஞாயிறு கோடாலித் தைலத்தைக் கைக்குட்டையில் நனைத்துப்போய்க் கண்ணோரம் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் தாரைதாரையாக வந்தது. சனம் பூரித்துப் போனது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபது வருஷமாகத் தேடிப் போனது ஆண்டவரையா, அழுது முடித்ததும் நெஞ்சில் இறங்கும் அந்தச் சுகத்தையா? பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. சுகம் போனால் போகட்டும், அவரை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

இந்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வந்திருந்தாள். மாரியம்மன் கோயிலை விட்டால் வேறு படி மிதிக்காதவள். அவள் புருஷன் மணியம் மரம் சாய்ந்து தலையில் அடிபட்டு, ஐந்து நாளாகப் பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான்.

“அவருக்காக ஒரு தடவை அழுதுடுங்கக்கா,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இருந்தாலும் அகத்தா சனத்தின் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு எட்டு மாசமா அழுகை வரல. ஜெபிச்சா உள்ள ஒண்ணும் தோணல. போன வாரம் நீங்க பார்த்தது தைலம். பொய் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க.”

செலஸ்டின்தான் முதலில் எழுந்தான்.

“நான் அப்பவே சொன்னேன்லா. சாமியே பேசாதவங்க நமக்கு எதுக்கு? வாங்க, நம்ம வீட்டுல ஜெபம் வச்சுக்கலாம்.”

பெஞ்சு பெஞ்சாகக் காலியானது. அகத்தா முழந்தாளிட்டாள். அவமானம் எரிந்தது. உள்ளே இப்போதும் அதே இருட்டுதான். அந்த இருட்டைப் பார்த்தே முதல் மணியை உருட்டினாள்.

பின்னால் ஆள் அசையும் சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி போகவில்லை.

“சாமி பேசவே இல்லன்னா இங்க என்னக்கா பண்ணுவீங்க?”

“உக்காந்திருப்பேன். அடுத்த வாரமும் வந்து உக்காருவேன். அவர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் போறதா இல்ல.”

புஷ்பவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க வீட்டுல அழறதுக்கு ஆளு நெறைய இருக்குக்கா,” என்றாள். “கூட உக்காரத்தான் யாருமில்ல.”