ஒன்பது பல் ஃபிலிம்கள்

மாடம்மாளின் வேலைக் காகிதத்தில் 'அட்டெண்டர்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு அவளைக் கூப்பிட்டதெல்லாம் குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளத்தான். கை ஒடிந்த பிள்ளை, விடாமல் இருமுகிற பிள்ளை, ஐந்து பைசாவை விழுங்கிவிட்டுத் திருதிருவென்று முழிக்கிற பிள்ளை, எது வந்தாலும் பெற்றவர்கள் வெளியே நிற்பார்கள். மாடம்மாள் உள்ளே போவாள். ஒரு கையால் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, மறு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, "அந்தா பாரு, மேல குருவி" என்பாள். பிள்ளை அண்ணாந்து மூச்சைப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் டெக்னீஷியன் பகவதிப்பெருமாள் ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்து பொத்தானை அழுத்திவிடுவார். இரண்டாம் தடவை எடுக்கும்படி ஆனதே இல்லை என்பதில் இருவருக்குமே பெருமை.

அவள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவருக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரம் வந்தாள். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. கேட்பது யாரிடம் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள், பகவதிப்பெருமாளுக்குப் பம்பாயிலிருந்து ஒரு கவர் வந்தது. மாதாமாதம் வருவதுதான். சட்டையில் குத்தியிருந்த சின்ன பேட்ஜைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்.

"அதுக்குள்ள என்ன சாரே இருக்கு?"

"ஃபிலிமாக்கும்."

"யாரு படம்?"

பகவதிப்பெருமாள் சிரித்துவிட்டார். "யாரு படமும் இல்ல கேட்டியா. எம்மேல எத்தன ரே பட்டுதுன்னு பாக்கதுக்கு. இது பம்பாய்ல அணுசக்தி ஆபீசுக்குப் போவும். அவங்க கழுவிப் பாத்து எழுதி அனுப்புவாங்க."

மாடம்மாள் கிட்டப் போய்ப் பேட்ஜைப் பார்த்தாள். "சாரு தடுப்புக்குப் பின்னால நிக்கிய. நான் பிள்ளைகூட நிக்கேன். எம்மேல பட்டது யாருக்குத் தெரியும்?"

"நீ ஒரு நிமிசம் பிடிச்சிட்டுப் போறவ. ஒனக்கு என்னத்துக்கு பேட்ஜ்?"

அவர் அதோடு விட்டுவிட்டார். மாடம்மாளால் விட முடியவில்லை. கோபமெல்லாம் இல்லை, அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று மேலே படுகிறது என்கிறார்கள். பட்டால் சுடுவதில்லை, வாசனை இல்லை. எங்கே போகிறது? எங்கே நிற்கிறது?

டார்க் ரூமில் ஃபிலிம் கழுவும் தாணுவிடம் போய்க் கேட்டாள். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியிருந்த மனிதர். இருட்டிலேயே இருந்து பழகியதாலோ என்னவோ, பேச ஆள் கிடைத்தால் விட மாட்டார். பல் பிரிவில் தேதி முடிந்துபோன ஃபிலிம் பெட்டி ஒன்று அவர் மேஜையில் கிடந்தது. தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய, காகிதம் ஒட்டிய பொட்டலங்கள்.

"இதுக்குள்ள வெளிச்சம் போகாது. ரே மட்டும் போவும். போனா ஃபிலிம் கறுக்கும். போகலன்னா கண்ணாடி மாதிரி வெளுப்பா இருக்கும்" என்றார் தாணு. "மேல இரும்பு எதையாவது ஒட்டிட்டேன்னு வையி, அது மறைச்ச இடம் மட்டும் வெளுப்பா நிக்கும். பழசானா ஃபிலிம் தானாவும் கொஞ்சம் மங்கும். ஆனா இரும்போட அச்சு தெரிஞ்சுதுன்னா அது ரேயேதான்."

"குப்பைக்குப் போறதுதான அண்ணாச்சி? எனக்கு ஒம்பது தாங்க."

தலையிலிருந்தும் வீட்டிலிருந்துமாக ஒன்பது கொண்டை ஊசி சேர்த்தாள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒன்றைப் பிளாஸ்திரியால் ஒட்டி, பின்பக்கம் பென்சிலால் எண் போட்டாள். ஒன்று தடுப்புக்குப் பின்னால், பகவதிப்பெருமாள் நிற்கும் இடத்தில். ஒன்று அறைக் கதவின் வெளிப்பக்கம். நாலாம் எண்ணைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டாள். அறைக்கு வெளியே வராந்தாவில் நோயாளிகள் உட்காரும் நீள பெஞ்சு, அதன் முதுகுச் சுவரில் ஒன்று. டார்க் ரூம் கதவிலும் மாடிப்படியடியிலும் ஜன்னல் திண்டிலும் மூன்று. பெஞ்சுக்குப் பக்கத்தில் மேஜை போட்டுப் பெயர் எழுதும் ஓமனாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒன்று.

"எந்தா சேச்சி இது?" என்று ஓமனா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

"சும்மா ஒரு பரீட்சை. நீ எழுது மோளே."

ஒன்பதாவதை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்கு மேலே, பரணில் வைத்தாள். எக்ஸ்ரே இல்லாத இடத்தில் ஃபிலிம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் மற்றதைப் பார்த்து என்ன சொல்வது?

பன்னிரண்டு நாள் காத்திருந்தாள். பதின்மூன்றாம் நாள் ஒன்பதையும் சேர்த்துத் தாணுவிடம் கொடுத்தாள். அவர் கழுவி, கம்பியில் வரிசையாக மாட்டி, விளக்கைப் போட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

வீட்டில் வைத்தது லேசாக மங்கியிருந்தது. ஊசி அச்சு இல்லை. தடுப்புக்குப் பின்னால் இருந்ததும் அப்படியே. கதவு, மாடிப்படி, எல்லாம் அப்படியே. நாலாம் எண்ணில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கொண்டை ஊசி மெல்லிசாகத் தெரிந்தது. "அப்ப எம்மேலயும் படத்தான் செய்யுது" என்று அவள் சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்குச் சரியாக வந்ததுபோலச் சொன்னாள்.

தாணு ஐந்தாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கரிக்கட்டைபோலக் கறுத்திருந்தது. நடுவில் கொண்டை ஊசி பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

"இது எங்க ஒட்டினது பிள்ளே?"

"பெஞ்சுச் சுவத்துல."

"அறைக்கு வெளியவா?"

ஆறாம் எண், ஓமனாவின் நாற்காலி. அதிலும் மங்கலாக ஊசி இருந்தது. மாடம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வியாழக்கிழமைதோறும் கர்ப்பிணிகள் வரிசையாக உட்காருவது அந்த பெஞ்சில்தான்.

பகவதிப்பெருமாளிடம் போய்க் காட்டியதும் அவர் முகம் கறுத்துவிட்டது. "யாரக் கேட்டு ஒட்டின? பழைய ஃபிலிம் எல்லாம் கறுக்கத்தான் செய்யும். அந்தச் சுவரு ஒண்ணரை அடி செங்கல்லாக்கும். ரே அதத் தாண்டுமா?"

"எங்க வீட்டுல வச்சதும் இதே பெட்டிதான் சாரே. அது கறுக்கலையே?"

அவர் ஒன்பதாம் எண்ணை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு ஐந்தாம் எண்ணை. அவர் கோபக்காரர்தான், ஆனால் தொழில் தெரிந்தவர். ஒரே பெட்டி, ஒரே வயது, ஒரே தொட்டியில் கழுவியது.

"ஓமனாவ சாயா குடிக்கப் போகச் சொல்லு. வராந்தாவுல ஒரு ஆளு நிக்கப்படாது" என்றார்.

நெஞ்சுப் படம் எடுக்கும்போது நோயாளி சாய்ந்து நிற்கும் பலகை அந்தச் சுவரோடு ஒட்டித்தான் இருந்தது. ரே வரும் குழாய் எப்போதும் அந்தப் பக்கம் பார்த்தபடிதான் இருக்கும். பகவதிப்பெருமாள் ஃபிலிம் அடைத்த பெரிய கேசட் பெட்டி ஒன்றை வெளியே பெஞ்சின்மேல், சுவரோடு சாய்த்து நிறுத்தினார். மாடம்மாளைத் தடுப்புக்குப் பின்னால் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எதிரே ஆள் யாருமில்லாமல், சுவரைப் பார்த்து ஒரே ஒரு தடவை பொத்தானை அழுத்தினார்.

தாணு ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிச்சப் பெட்டியில் வைத்ததும் மூவரும் குனிந்தார்கள்.

கறுப்பு நடுவே ஏழு வெள்ளைக் கோடுகள், மேலிருந்து கீழாக, சம இடைவெளியில். ஓரத்தில் இரண்டு கீல்கள். ஒரு கொக்கி. பத்துப் பதினைந்து ஆணிகள், தலையோடு.

"ஜன்னல்" என்றாள் மாடம்மாள்.

ஓடிப்போய் வராந்தாச் சுவரைத் தட்டினாள். ஒரு ஜாண் தள்ளித் தட்டினால் கல்போல இருந்தது. பெஞ்சுக்கு நேர் மேலே தட்டினால் காலிப் பெட்டிபோல டொக் டொக்கென்றது. அந்தக் கட்டிடம் முன்பு யாரோ பெரிய உத்தியோகஸ்தரின் பங்களா. ஆஸ்பத்திரிக்கு எடுத்தபோது எவனோ ஒரு ஆசாரி ஜன்னலைச் சாத்தி, இரண்டு பக்கமும் பிளைவுட் அடித்து, சுவரின் நிறத்திலேயே வண்ணமும் பூசிவிட்டுப் போயிருக்கிறான். எக்ஸ்ரே மெஷின் அதற்குப் பிறகுதான் வந்தது.

பகவதிப்பெருமாள் பெஞ்சில் உட்காரப் போனவர், சட்டென்று எழுந்துகொண்டார். "நாலு வருசம்" என்றார். "நாலு வருசமா இந்தப் பக்கமாத்தான் அடிச்சிட்டிருக்கேன். ரே விழுற அகலத்தக்கூடக் குறுக்கி வைக்கல, எல்லாம் திறந்துதான் கிடந்துது."

எக்ஸ்ரே டாக்டர் அருமைநாயகம் வந்தபோது, வேலை போய்விடும் என்று மாடம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் பெரிய ஃபிலிமையும் ஒன்பது சின்ன ஃபிலிம்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத ஒட்டினது யாரு?"

பகவதிப்பெருமாள்தான் முந்திக்கொண்டார். "இவதான் டாக்டர். நான் நம்பல. இவ சொன்னதுதான் சரி."

டாக்டர் நாலாம் எண்ணைத் தனியாக எடுத்துவைத்தார். "நீ எத்தன வருசமா பிள்ளைங்களப் பிடிக்கிற?"

"மெஷின் வந்ததுலேருந்து டாக்டர்."

"ஈய ஏப்ரன் போட்டுக்கிடுவியா?"

அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, எப்போதும்போல. மாடம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பகவதிப்பெருமாளும்தான்.

அன்றைக்கே பெஞ்சு வராந்தாவின் மறுகோடிக்குப் போனது. ஓமனாவின் மேஜையும் போனது. நெஞ்சுப் படப் பலகையைக் கழற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத மதிலைப் பார்த்த செங்கல் சுவரில் பொருத்தினார்கள். ஜன்னலைப் பெயர்த்தெடுத்துச் செங்கல் வைத்து அடைக்கும் வேலை இரண்டு வாரம் நடந்தது. டாக்டர் எல்லாவற்றையும் எழுதி, ஃபிலிம்களோடு பம்பாய்க்கு அனுப்பினார்.

ஓமனாவிடம் சொன்னவள் மாடம்மாள்தான். மறைத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஓமனா அன்று முழுக்க அழுதாள். "என்றெ குஞ்ஞு…" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் இருந்தது நேர்கோட்டில் இல்லை, ஓரத்தில்தான் என்று படம் வரைந்து காட்டினார். அவள் தலையாட்டினாளே தவிர நம்பியதாகத் தெரியவில்லை. பம்பாயிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆனது. நாற்காலியில் பட்டது மிகக் குறைவு, குழந்தைக்குப் பயப்படும்படி இல்லை, ஆனால் இனி அங்கே யாரும் உட்காரக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஓமனா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். துலாம் மாதத்தில், நம் ஐப்பசியில், அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. மாடம்மாள் போய்ப் பார்த்து, விரல்களையெல்லாம் எண்ணிவிட்டுத்தான் வந்தாள்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் வாடிக்கையாகக் குழந்தைகளைப் பிடிக்கக் கூடாது. தவிர்க்க முடியாதபோது, கர்ப்பமில்லாத சொந்தக்காரர் ஒருவர் ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். அவர்களுக்கு அது என்றோ ஒருநாள் நடப்பது, அட்டெண்டருக்கு அது தினமும்.

அதன் நியாயம் மாடம்மாளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் கைகள் சும்மா இருக்கப் பழகவில்லை. அடுத்த திங்கட்கிழமை நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாடம்மாள் அவருக்கு ஏப்ரனை மாட்டிவிட்டாள், பிள்ளையின் கைகளை எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று காட்டினாள், மற்றதையெல்லாம் அவரிடம் விட்டுவிட்டு வந்து தடுப்புக்குப் பின்னால் நின்றாள். பிள்ளை அழவில்லை. அப்பாவின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாதான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மூச்சுப் பிடிச்சு நில்லுங்க" என்றார் பகவதிப்பெருமாள். நாலு வருஷம் அந்த அறையில் வேலை செய்தும் பொத்தான் அழுத்துவதை மாடம்மாள் கவனித்துப் பார்த்ததில்லை. அவள் கண் எப்போதும் பிள்ளையின் முகத்தில்தான் இருந்தது, அந்தச் சோதனை நாளில் சுவரில் இருந்தது. இப்போது பொத்தானைப் பார்த்தாள். அதன் பக்கத்து டயலில் ஒரு முள் துள்ளி எழுந்து விழுந்தது.

"அந்த முள்ளு எதுக்கு சாரே?" என்று கேட்டாள்.

பகவதிப்பெருமாள் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். "இரி. சொல்லுதேன்."