மைக் டீச்சர் வாய் திறக்காத வாரம்

கணக்கு டீச்சருக்கு மாணவிகள் வைத்திருந்த பட்டப்பெயர் 'மைக்'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. அவர் பாடம் எடுக்கத் தொடங்கினால் மாடிப்படி ஏறுகிறவர்களுக்கும் இயற்கணிதம் ஓசியில் கிடைக்கும். அந்தத் தொண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கரகரத்து, பொழுது சாய்வதற்குள் வெறும் காற்றாகிவிட்டது.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள நல்லா வீங்கியிருக்கும்மா. ஒரு வாரம் மூச்சு விடக்கூடாது. அதாவது, பேச்சு மூச்சு. கிசுகிசுன்னு பேசறதுகூட வேண்டாம். இப்ப விட்டுட்டா அப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போயிடும்."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் பேச ஒரு சந்தர்ப்பம்" என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்த கணவர், அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

விடுப்பு எடுக்கவும் வழியில்லை. இன்னொரு கணக்கு ஆசிரியை பிரசவத்துக்குப் போயிருந்தார். பரீட்சையோ தலைக்குமேல் நின்றது. பல்லுறுப்புக் கோவைகளின் பெருக்கல் முழுசாக பாக்கி.

திங்கட்கிழமை போர்டில், 'எனக்குப் பேச்சு வராது, ஒத்துழைக்கவும்' என்று எழுதினார். வகுப்பு ஒரு நிமிடம் பரிதாபப்பட்டது. அதற்குப் பிறகு சந்தைக்கடைதான். (x + 3)(x + 5) என்று எழுதிப் போட்டதற்குப் பாதிப் பேர் கொண்டுவந்து நீட்டிய விடை x² + 15. முதலை முதலோடும் கடைசியைக் கடைசியோடும் பெருக்கிவிட்டு, மற்றதை அம்போவென்று விட்டிருந்தார்கள். டீச்சர் போர்டைத் தட்டினார். சாக்பீஸ் உடைந்ததுதான் மிச்சம். மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். குரல் இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லையா என்று முதல்முறையாகப் பயம் வந்தது.

அன்று மாலை வீட்டில் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பை எழுதினார். கழுத்தில் மாட்டிக்கொள்ளத் துளை போட்டு நூல் கோத்துத் தந்த கணவர் கேட்டார்: "இதுல யாரை யாரோட பெருக்கணும்?"

'எல்லாரையும் எல்லாரோடயும்' என்று எழுதிக் காட்டினார்.

"ரெண்டு குடும்பம் முதல்முதலா சந்திச்சா, இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் கை குடுப்பாங்களே, அப்படியா?"

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் மேசைகளை ஓரங்கட்டி, ஒரு பக்கம் 2x, −3 அட்டைகளோடு இரண்டு பேரையும், எதிரே x², 4x, −5 அட்டைகளோடு மூன்று பேரையும் நிறுத்தினார். முதல் ஜோடியைக் கைகுலுக்க வைத்துப் பெருக்குத்தொகையைப் போர்டில் எழுதிக் காட்டினார். வகுப்பின் ஓயாத வாய்க்காரி 'ரேடியோ' உடனே பிடித்துக்கொண்டாள். "இதோ 2x வர்றாங்க! x²-க்குக் கை குடுத்தாச்சு! 2x³ பொறந்தாச்சு!" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி அவள் கூவ, வகுப்பு சிரித்துக்கொண்டே எழுதியது. டீச்சர் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஒத்த உறுப்புகளைச் சேர்த்து விடையும் வந்தது: 2x³ + 5x² − 22x. டீச்சர் போர்டின் ஓரத்தில் 'x = 1 போட்டுப் பாருங்கள்' என்று எழுதினார். இரண்டு கோவைகளையும் பெருக்கினால் பூஜ்யம் வந்தது, விடையிலோ −15.

"எங்கயோ உதைக்குது" என்றாள் ரேடியோ. "அஞ்சு கைகுலுக்கல்தான் நடந்திருக்கு. ஆறு வரணுமே."

டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. −3 அட்டையை மாட்டியிருந்த 'சோடாபுட்டி'யும் −5 அட்டையை மாட்டியிருந்த 'நெட்டை'யும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் ஒரே அதட்டல்; விஷயம் முடிந்திருக்கும். வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார்.

"அதுங்க ரெண்டும் பேச்சு விட்டு மாசக்கணக்காச்சு டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் போட்டுக்கொடுத்தது.

"உங்க சண்டையை வெளியில வச்சுக்கங்கடி. எங்க விடை போச்சு!" என்றாள் ரேடியோ.

சோடாபுட்டி முறைத்துக்கொண்டே விரல் நுனியை மட்டும் நீட்டினாள். நெட்டை அதைத் தொட்டும் தொடாமலும் தொட்டுவிட்டு, "கழித்தல் பதினஞ்சு" என்றாள்.

"கூட்டல்" என்றாள் சோடாபுட்டி.

"ரெண்டு பேருமே கழித்தல்தானே? எப்படிக் கூட்டலாகும்?"

டீச்சர் சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏய், −15 போட்டா மொத்தம் −30 ஆகுது பாரு. +15 போட்டாத்தான் பூஜ்யம் வரும்" என்று சோடாபுட்டி போர்டுக்கே போய்ப் போட்டுக் காட்டினாள். நெட்டை உதட்டைக் கடித்தபடி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

"ஆமா... நீ சொல்றதுதான் சரி" என்றாள். சண்டைக்குப் பிறகு அவள் சோடாபுட்டியிடம் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. வகுப்பு கைதட்டியது.

டீச்சர் அந்த இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷமாக இந்த இடத்தில் 'கழித்தலும் கழித்தலும் கூட்டல்' என்று அவர்தான் உரக்கச் சொல்லி நகர்ந்திருக்கிறார். இவர்கள் யோசித்துச் சொல்ல இடம் விட்டதே இல்லை.

அந்த வாரம் முழுக்க அட்டைகள் கழுத்து மாறின. மூன்று உறுப்புக்கு மூன்று உறுப்பு வைத்தபோது வகுப்பே ரயில் நிலையம் போல ஆனது. ஆனாலும் ஒரு கைகுலுக்கல்கூட விட்டுப்போகவில்லை. வாரக் கடைசியில் வைத்த சின்னத் தேர்வில் x² + 15 மாதிரி ஒரு விடைகூட இல்லை.

டாக்டர் அனுமதி கொடுத்த மறுநாள், டீச்சர் வகுப்பில் நுழைந்ததும் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தவருக்கு, அத்தனை முகங்களையும் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். குரல் இன்னும் கொஞ்சம் பிசிறடித்தது.

"எதுக்கு டீச்சர்?" என்றாள் ரேடியோ, நிஜமாகவே புரியாமல்.

"நான் பேசாதப்ப நீங்க பேசினீங்களே, அதுக்கு" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸைச் சோடாபுட்டியின் கையில் கொடுத்து, அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.