ஏரி பிறந்த வீட்டுக்குப் போன வாரம்

வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கூனிப்பாறை ஏரி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. மீன்களையெல்லாம் கையோடு கூட்டிப் போயிருந்தது. படகுகளைத் தொடவில்லை, அவை ஊர்க்காரர்களுடையவை. இந்த மாதிரி விஷயங்களில் ஏரி கறார்.

பிறந்த வீடு எது என்று யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. நாலு மைல் மேலே, புல்மேட்டுக்குப் பின்னால் இருக்கிற சதுப்புதான் ஏரியைப் பெற்றவள். ஏரி நடந்து போன வழியில் பூண்டுத் தோட்டங்களெல்லாம் ஈரமாகக் கிடந்தன. ஊர் கூடிக் கேட்டது ஒரே கேள்விதான்: ஏரியை யார் என்ன சொன்னது? வாயை விட்டவன்தான் போய் அழைத்து வர வேண்டும், அதுவும் எட்டு நாளைக்குள். எட்டாம் நாள் பொழுது சாய்ந்தும் திரும்பாவிட்டால் ஏரி அறுத்துக்கொண்டதாக அர்த்தம். பக்கத்து ஊர்க்காரர்கள் அப்படித்தான் அசட்டையாக இருந்து தங்கள் ஏரியைத் தொலைத்தார்கள். இப்போது அங்கே வாலிபால் ஆடுகிறார்கள்.

ஏழு நாள் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்த குழந்தைவேலு, கடைசியில் தான்தான் என்று ஒத்துக்கொண்டான். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, மீன் தவறிப்போன எரிச்சலில் ஏதோ ஒரு வார்த்தை வந்துவிட்டது என்று மழுப்பினான்.

உள்ளதைச் சொன்னால், அந்த வார்த்தை ஏரிக்குச் சொன்னதே இல்லை. அவன் பெண்டாட்டி ரெஜினாவுக்குச் சொன்னது. பதிமூன்று வருஷமாக அவள் துடுப்புப் போடுவாள், அவன் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவான். டிரவுட் பிடிக்கக் கனமான சாமான் ஆகாது. சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு கம்பு, தலைமுடி கனத்தில் நரம்பு, கொக்கியில் கோழி இறகால் கட்டிய பொய் ஈ, அவ்வளவுதான். மீன் இழுத்தால் விட வேண்டும், அது அசந்தால் வாங்க வேண்டும், படகும் அதற்குத் தகுந்தாற்போல் திரும்ப வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை, முழங்கை நீளத்துக்கு ஒரு டிரவுட் பக்கத்தில் வந்த நேரம் ரெஜினா படகைத் திருப்பத் தாமதித்துவிட்டாள். நரம்பு அறுந்தது. "நாதியத்தவளைக் கட்டுனா இப்படித்தான்" என்றான் குழந்தைவேலு.

ரெஜினா மடத்து சிஸ்டர்கள் வளர்த்த பெண். அப்பன், ஆத்தாள், சித்தி, மாமன் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஈ காக்கை கிடையாது. அவள் படகைக் கரைக்குக் கொண்டுவந்தாள், வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள். ஏரிதான் அந்தச் சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது என்று குழந்தைவேலு நினைத்தான். பெற்றவள் குத்துக்கல்லாட்டம் மேலே இருக்கும்போது ஏரிக்கு இதில் என்ன ரோஷம் என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஏரியை அழைத்து வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதன் டிரவுட் ஒன்றைத் தூண்டிலில் வாங்கி, நோகாமல் நடத்திக்கொண்டு வர வேண்டும். பிள்ளை போகும் வழியில் தாய் வருகிற மாதிரி ஏரியும் பின்னால் வந்துவிடும். வலுக்கட்டாயம் உதவாது. ஒரு காலத்தில் தடிக் கயிற்றைக் கட்டி இழுத்திருக்கிறார்கள். ஆழம் மட்டும் வந்தது, மேல்தண்ணீர் வரவில்லை. அந்த வருஷம் முழுக்கப் படகை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்களாம்.

எட்டாம் நாள் காலை படகைக் கேரட் லாரியில் ஏற்றினான். தட்டில் பூ, பழம், வெற்றிலை. ரெஜினாவும் வந்தாள். அவள் இல்லாமல் துடுப்புப் போட ஆள் ஏது.

சதுப்பில் ஏரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. குழந்தைவேலு தட்டை நீட்டினான். சதுப்பு தட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டதே தவிர, வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகை இறக்கித் தூண்டில் போட்டான். பொய் ஈயை ஒரு மீனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏரியிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டான். உச்சிப் பொழுது போனது, வெயில் மேற்கே இறங்கியது. ஏரியைத் தொலைத்த பயல் என்று பேர் வாங்கிக்கொண்டு அந்த ஊரில் எப்படி இருப்பது?

அப்போதுதான் ரெஜினாவைப் பார்த்தான். அவள் ஒரு கையில்தான் துடுப்பு வைத்திருந்தாள். இன்னொரு கையை ஏரி பிடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டாயா என்று சதுப்பு அவளிடம் கேட்டது. இன்னும் இல்லை என்றாள் ரெஜினா. சதுப்பு உள்ளே போய், தட்டிலிருந்த பழத்தில் இரண்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தது. குழந்தைவேலுவுக்குக் கொடுக்கவில்லை. ரெஜினா ஒரு பழத்தை உரித்துவிட்டு, சாப்பிட முடியாமல் அழுதாள். பதிமூன்று வருஷத்தில் அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

அவனுக்கு விளங்கிவிட்டது. ஏரி தனக்காகக் கோபித்துக்கொண்டு வரவில்லை. கோபம் வந்தால் போவதற்கு ரெஜினாவுக்கு ஒரு வீடு இல்லை என்பதால், அவளுக்குப் பதிலாக இது கிளம்பி வந்திருக்கிறது. அவன் கம்பைப் படகில் வைத்தான்.

"ரெஜினா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

"நீங்க என்னை அப்படிச் சொன்னது அது மூணாவது தடவைங்க" என்றாள் அவள்.

"தெரியும். மூணும் தப்பு."

ரெஜினா மூக்கைச் சிந்திவிட்டு, மிச்சமிருந்த பழத்தை அவனிடம் கொடுத்தாள். அவன் அதை வாயில் போடும்போது கம்பு வளைந்தது.

இறங்கி வந்த அந்த நாலு மைலையும் குழந்தைவேலு சாகும்வரை மறக்கமாட்டான். டிரவுட் முரண்டினால் விட்டான், அசந்தால் வாங்கினான். அது பூண்டுத் தோட்டத்தில் இளைப்பாற நின்றபோது, ஏரியும் நின்றது, படகும் நின்றது. எப்போது திருப்ப வேண்டும் என்று அவன் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. ரெஜினா தனக்குத் தோன்றியபோது திருப்பினாள். கடைசி வளைவில் நரம்பு வீணைத் தந்தியாக விறைத்தது. அவன் கையிலிருந்த நரம்பையெல்லாம் விட்டுக்கொடுத்தான். பொழுது சாய விரற்கடை இருக்கும்போது ஏரி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டார்கள்.

ஆடியில், மீன் குழம்புக்குப் புளி போதாது என்று குழந்தைவேலு ஒரு பேச்சுப் பேசினான். மறுநாள் விடிந்து பார்த்தால் ஏரி இருந்தது, ரெஜினா இல்லை. அடுப்படியில் ஒரு ஆள் உயரத்துக்கு மூடுபனி நின்றுகொண்டிருந்தது. பெண் சுகமாக வந்து சேர்ந்தாள், அஞ்சு நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று சதுப்பு சொல்லியனுப்பியதாகச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் போனது.

குழந்தைவேலு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனான். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "வீட்டுல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கு" என்றான். கடைக்காரர், அங்கே வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். மச்சினன்மார் மூன்று பேர், மூன்று பேரும் ஊற்று, அக்காவை ஒரு சொல் சொன்னால் தாங்கமாட்டார்கள் என்றான்.

அழைக்கப் போகும்போது வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர்.