பிரேக்டவுன் என்று யாரும் சொல்லவில்லை

எங்கள் வீட்டில் பிரேக்டவுன் என்று யாரும் சொல்லக் கூடாது. போன வருடம் அண்ணன் பாண்டியராஜனுக்குப் பரிசம் போடப் போன வேன் பாதி வழியில் நின்றது. அப்பா அதைப் பெண் வீட்டில் போய் வீரக்கதையாகச் சொன்னார். "வண்டி நின்ன சம்பந்தம் வேணாம்" என்று பெண்ணின் பெரியப்பா தட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மிக்சி நின்றால் தூங்குகிறது, மோட்டார் நின்றால் யோசிக்கிறது. கால் சென்டரில் ராத்திரி ஷிப்டை நான் விட்டு வந்தபோது, "பய பிரேக்டவுன் ஆயிட்டான்" என்றார் சித்தப்பா. அம்மா அவருக்கு இரண்டாவது தோசை வைக்கவில்லை.

இந்த ஆவணியில் விளாங்குடிப் பெண் தாமரைச்செல்விக்குப் பரிசம். எங்கள் சமயநல்லூரிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது. பெண் வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் வேன் புகைவிட்டுக்கொண்டு நின்றது.

"என்னடா ஆச்சு?" என்றார் அப்பா.

டிரைவர் செல்வக்குமார் வாயைத் திறந்தார். அம்மா முறைத்தாள்.

"வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குதுண்ணே."

அவர் ஒரு வேப்பங்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போடப் போனார்.

"ஏப்பா, அதப் போட்டா வண்டி நின்னது ஊருக்கே தெரியும். எறி."

"போடலைன்னா பஸ்காரன் வந்து முட்டுவான் மதினி."

அம்மா யோசித்து, தட்டிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்துக் கிளையில் சுற்றினாள். "இப்பப் போடு." ஐந்து நிமிடத்தில் ஒருவர் பைக்கை நிறுத்தி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார்.

அண்ணன் பானெட்டுக்குள் கையை விட்டிருந்தான். பதினொன்றரைக்கு நல்ல நேரம் முடிகிறது. இதுவும் கலைந்தால் மூன்றாவது பெண் தேட அப்பாவுக்குத் தெம்பில்லை.

"நடந்தே போவோம். ஊர்வலமா வாரோம்னு சொல்லிக்கலாம்" என்றேன். பழுதை ஏற்பாடு என்று சொல்லத்தான் கால் சென்டரில் மூன்று வருடம் சம்பளம் வாங்கினேன்.

பதினோரு தட்டுகளோடு போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா காளை வாசலிலேயே உருகிவிட்டார். "பாருங்கய்யா, சீர நடந்தே கொண்டு வாராக! எம்புட்டு மரியாத!"

அப்பா ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

தாமரைச்செல்வி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சட்டைக் கையில கருப்பா என்ன அது?"

நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான். "ரேடியேட்டர் ஓஸ் கிழிஞ்சிருச்சு. வண்டி பிரேக்டவுன்."

அம்மா ஒரு தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். காளை மெதுவாக எழுந்தார்.

"டீசலா?"

"டீசல்தான் மாமா."

"புக வெள்ளையா, கருப்பா?"

"வெள்ள."

"அப்ப அது ஓஸ் இல்ல மாப்ள. இன்ஜின் ஹெட் கேஸ்கெட்டு."

"ஓஸ்தான் மாமா."

"பந்தயமா?" வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார். அவருடைய தம்பிகள், மச்சான்கள், பக்கத்து வீட்டுக்காரர், கடைசியில் எங்கள் அப்பா, எல்லோரும் பின்னாலேயே போய்விட்டார்கள். கெட்டுப்போன வண்டி என்றால் ஆம்பளைகளுக்கு அவ்வளவுதான். அண்ணனை மட்டும் அம்மா பிடித்து உட்கார வைத்தாள்.

பதினொன்று இருபதுக்குக் காளைக்கு போன் போட்டேன்.

"இன்னும் ரெண்டே போல்ட்டுதான் மாப்ள" என்றார்.

அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்ணின் தாய் நாகஜோதியிடம் கேட்டாள். "மதினி, வண்டி நின்னுருச்சு. உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"வண்டின்னா நிக்கத்தான் செய்யும். உங்க மகன் பொய் சொல்லலைல்ல, அது போதும்" என்றாள் நாகஜோதி. "இந்த ஆம்பளைக வாரதுக்குள்ள நேரம் போயிரும். தட்டக் குடுங்க."

தட்டு மாற்றுவது இரண்டு வீட்டு அப்பாக்களின் வேலை. இரண்டு அம்மாக்களும் நின்று மாற்றிக்கொண்டார்கள். நான் போட்டோ எடுத்தேன். அதில் இருக்கும் ஒரே ஆண் அண்ணன்தான். அவனும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.