பெட்டி வந்து போன வீடு

என் கணவர் அம்புரோஸ் ஓர் இன்ஸ்பெக்டர். போலீஸ் நிலையத்தில் அல்ல, தொலைக்காட்சியில். 'லாக்கப் நம்பர் பதிமூணு' என்ற பேய்த் தொடரில் வரும் இன்ஸ்பெக்டர் ருத்ரவேல் அவர்தான். பேயைத் துரத்திப் பிடித்து, கைவிலங்கு மாட்டி, லாக்கப்பில் அடைப்பது அவர் வேலை. சுவரை ஊடுருவிப் போகிற பேய், விலங்கிலிருந்து மட்டும் ஏன் கையை உருவிக்கொள்ளாது என்று ஒருநாள் கேட்டேன். "அது மந்திரிச்ச விலங்கு, ஜோஸ்" என்றார். ஓடுகிற பேயைப் பார்த்து "நில்லு, இல்லேன்னா சுட்டுடுவேன்" என்று வேறு கத்துவார். செத்தவளைச் சுட்டு என்ன ஆகப்போகிறது என்று எழுதினவனும் கேட்கவில்லை, பார்க்கிற ஜனமும் கேட்கவில்லை.

ரயில்வேயில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். ஓய்வு பெற்றபின் பொழுது போகட்டும் என்று நடிக்கப் போனார். தொடர் ஓடத் தொடங்கியதும் தலைகால் புரியவில்லை. நாங்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் சுவரோரம் உட்கார்ந்து வாசலையே முறைப்பார். வீட்டில் பிஸ்கட் டின் காலியானால் விசாரணை நடக்கும். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக்காரர், கடை மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது என்று இவரிடம் வந்து முறையிட்டார். இவர் மாடியேறி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இருந்துச்சு பாஸ், இப்போ போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். அந்த மனிதர் இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஒரே மகள் கிறிஸ்டினுக்கு ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம் நடத்த நாள் குறித்திருந்தோம். மாப்பிள்ளை பிராண்டன், பந்திங் ஊரில் நல்ல கத்தோலிக்கக் குடும்பம். அவள் ஆடம்பரம் எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். "மோதிரம் மாத்துறப்போ டேடி என் பக்கத்துல நிக்கணும் மம்மி. ஷூட்டிங், கீட்டிங்னு எங்கயும் போயிடக்கூடாது." அவள் பட்டம் வாங்கிய அன்று அவர் பேய் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் இந்த முறை என் முன்னால் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நிச்சயத்துக்குச் சில வாரம் முன்பு டைரக்டர் குகன் வந்தான். வாய் நிறைய அங்கிள், ஆன்டி என்பான். அடுத்த சீசனில் இளம் பெண் இன்ஸ்பெக்டர் ஒருத்தி வருகிறாளாம், அதனால் ருத்ரவேல் சாக வேண்டுமாம். இவர் முகம் சுருங்கிவிட்டது. "அடக்க சீனை எங்க எடுக்கப்போறீங்க?" என்று கேட்டார். இடம் கிடைக்கவில்லை என்றான் குகன். "நம்ம வீட்லயே எடுங்க லா!" என்றார். உபகாரம் செய்தால் மறுபடி கூப்பிடுவார்கள் என்ற நப்பாசை.

எங்கள் அடுக்குமாடி வீட்டு லிஃப்டில் சவப்பெட்டி படுத்த வாக்கில் நுழையவில்லை. செங்குத்தாக நிறுத்திக் கொண்டுவந்தார்கள். தளத்துக்குத் தளம் லிஃப்ட் நின்றது, கதவு திறந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் நெஞ்சில் கை வைத்தார்கள். என் வரவேற்பறையில், இயேசுவின் படத்துக்குக் கீழே, என் புருஷன் போலீஸ் உடுப்போடு பெட்டிக்குள் படுத்துக்கொண்டார். எதிர்வீட்டு லிம் ஆன்டிக்கு விஷயம் தெரியாது. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, பாக்கெட் பானம் ஓர் அட்டைப்பெட்டி நிறையத் தூக்கிக்கொண்டு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "கட் பண்ணாதீங்க, நேச்சுரலா இருக்கு" என்றான் குகன். பெட்டிக்குள்ளிருந்து என் கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். லிம் ஆன்டி போட்ட அலறலில் கீழ்த்தளத்துக்காரர்களும் ஓடிவந்தார்கள்.

தொலைக்காட்சிக்காரர்கள் விளம்பரத்துக்காக ஒரு படம் வெளியிட்டார்கள். இவர் முகம், சுற்றி மாலை, மேலே 'ஆழ்ந்த இரங்கல்'. ருத்ரவேல் என்ற பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கேட்கவா வேண்டும்? நம் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் இரங்கல் படம் வந்தால் படித்துப் பார்க்கிற பழக்கம் ஏது? கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு வாசித்தவர், மறைந்த அம்புரோஸின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டச் சொன்னார். இவர் எழுந்து நின்று எல்லாருக்கும் கையசைத்தார். ஃபாதர் முறைத்த முறையில் நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

மறுநாள் பிராண்டனின் அம்மா பெர்னடெட் போன் செய்தார்.

"நாங்க சகுனம் கிகுனமெல்லாம் பாக்கறவங்க இல்ல சம்பந்தி. ஜெபமாலை சொல்லாம ஒருநாள் தூங்கினதில்ல. ஆனா பெட்டி வந்து போன வீடு பாருங்க. ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் வேணாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க."

"சம்பந்தி, பெட்டிக்குள்ள இருந்தவரு அடுத்த ரூம்ல மீ கோரெங் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"தெரியும் சம்பந்தி, நானும் டிராமா பாக்கறவதானே. இருந்தாலும் மாலை போட்ட படத்தை ஊரே பாத்துடுச்சு."

கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். நிச்சயத்தை அதே சனிக்கிழமையில் பந்திங்கிலேயே, மாதா கோவில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மோதிரம் மாற்றும்போது பெண்ணின் அப்பா முன்னால் நிற்க வேண்டாம். என் தம்பி திமோத்தி நிற்கட்டும். அவர் பின்வரிசையில் எங்காவது உட்கார்ந்துகொள்ளட்டும்.

உயிரோடு இருக்கிற மனுஷனுக்குத் துக்கம் கொண்டாடுகிறார்கள், அதற்குச் சொந்தக்காரர்கள் மேல் பழி வேறு. கிறிஸ்டின் அழவில்லை. "டேடி வரட்டும், அவரே பேசட்டும். பேயையே லாக்கப்புல போடுறவரு, பெர்னடெட் ஆன்டிகிட்ட பேச மாட்டாரா?" என்றாள். அவருக்கு இதைச் சொன்னபோது மீசை துடித்தது. "என் மக பக்கத்துல நிக்க நான் யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்கணுமா? வியாழக்கிழமை நேரா பந்திங் போறோம்" என்று கர்ஜித்தார். பல வருஷம் கழித்து அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை மூவரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது குகனின் போன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், ஃபேன்ஸ் எல்லாம் ருத்ரவேல் இல்லாம பாக்க மாட்டேங்கிறாங்க லா. நீங்க திரும்ப வாங்க. பேயா வாங்க! புது இன்ஸ்பெக்டர் உங்களத் துரத்திப் பிடிப்பாங்க. சனிக்கிழமை கிள்ளான்ல ஒரு பழைய பங்களா கிடைச்சிருக்கு. அன்னிக்கு ஒருநாள்தான் தருவாங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கிறிஸ்டினும் பார்த்தாள். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"சனிக்கிழமையா?" என்றார். பிறகு, "வந்துடறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நல்லதாப் போச்சு ஜோஸ். சம்பந்தியம்மாவும் நான் முன்னாடி நிக்க வேணாம்னுதானே சொல்றாங்க? அவங்க மனசும் நோகாது. திமோத்தி நிக்கட்டும், கல்யாணத்துக்கு நான் நிக்கறேன்." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். பேய் நடக்குமா மிதக்குமா என்று குகனிடம் கேட்க மறந்துவிட்டதாம், மறுபடி போனை எடுத்தார். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கக் கேட்டிருக்கும், அவர் காதில் மட்டும் ஏறவில்லை. கிறிஸ்டின் அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை பந்திங் மண்டபத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஃபாதர் ஜெபம் சொன்னார். பிராண்டனுக்கு வியர்த்துக் கொட்டியது. திமோத்தி இரவல் கோட்டில் விறைப்பாக நின்றான். கிறிஸ்டின் மோதிரம் போட்டாள், சிரித்தாள், கேக் வெட்டினாள். பெர்னடெட் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

சாப்பாட்டின்போது மாப்பிள்ளை வழியில் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா எங்களிடம் வந்தார். தொடரெல்லாம் பார்க்கிறவராகத் தெரியவில்லை. கிறிஸ்டினின் கன்னத்தைத் தடவி, "மாமாதான் நின்னாரு போல. அப்பா எங்கம்மா, காணலையே?" என்று கேட்டார்.

"டேடி தவறிட்டாரு ஆன்டி" என்றாள் கிறிஸ்டின்.

"ஐயோ, எப்பம்மா?"

"வியாழக்கிழமை."

பெரியம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை, அவர் கிள்ளானில் நடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கிறிஸ்டின் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.